நிரம்பினபடி திரும்பிய பாட்டில்

ஒரு ஊர்ல தண்ணி கேன் போடுகிற ஒருத்தர் இருந்தார். அவருக்கு ஒரு பெண்டாட்டி. அந்தப் பெண்டாட்டிக்கு ரெண்டு கண். அதில் வலது கண்தான் இப்போது விவகாரம்.

விழி ரத்தச் சிவப்பாய் இருந்தது. முந்தாநாள் மங்கல். இன்றைக்கு முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான்.

"எந்நேரமும் செல்போனை நோண்டினா இப்படித்தான் ஆகும்" என்றார் கேன்காரர், கண் ஆஸ்பத்திரி பெஞ்சில்.

"பத்து மணி நேரம் கடையில நின்னுட்டு வந்து விழறேன். இதுல செல்போன் எங்க நோண்ட?" என்றாள் அவள். துணிக்கடையில் மூணாவது மாடியில் அவளுக்கு வேலை.

டாக்டரம்மா காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்த களைப்பில் இருந்தார். அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"காய்ச்சல் வந்துச்சா?"

"போன வாரம். நடுக்கிப் போட்டுச்சு. மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன்."

"ஒண்ணுக்குப் போனா வலிக்குதா? சர்க்கரை இருக்கா?"

அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ரெண்டுக்கும் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"நாங்க கண்ணுக்கு வந்திருக்கோம் டாக்டர்!" என்றார் கேன்காரர்.

"தெரியுதுங்க. கொஞ்சம் சும்மா இருங்க."

மத்தியானம் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் வந்தன.

"கிட்னியில பிடிச்ச கிருமி, ரத்தத்தோட போய்க் கண்ணுக்குள்ள உட்கார்ந்திருக்கும்மா. அபூர்வமா இப்படி ஆகும். இன்னைக்கே கண்ணுக்குள்ள ஊசி போடணும், உடம்புக்கும் மருந்து ஏத்தணும். பார்வை திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாது" என்ற டாக்டரம்மா, குரலைத் தணித்துக் கேட்டார். "தண்ணியே குடிக்கிறதில்லையா நீ?"

கேன்காரர் பொங்கிவிட்டார்.

"நல்லாக் கேளுங்க டாக்டர்! ஊருக்கெல்லாம் தண்ணி சுமக்கிறவன் நான். தினம் காலையில இவளுக்கு ஒரு பாட்டில் நிரப்பிக் குடுக்கறேன். சாயங்காலம் அப்படியே நிரம்பினபடி திரும்பி வருது. நான் குடுக்கிற தண்ணின்னா கசக்கும் போல!"

அவள் முந்தானையால் வலது கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

ஊசிக்குக் கூப்பிடுவார்கள் என்று வராந்தாவில் காத்திருந்தபோது, கடை சூப்பர்வைசர் பை நிறைய ஆப்பிளோடு வந்து நின்றார். கேன்காரர் பதறி எழுந்துகொண்டார்.

"என்னம்மா இது? மாடி முழுக்க உன் பேச்சுதான். எத்தனை நாள் வேணுமோ லீவு எடுத்துக்கோ. வேலை எங்கேயும் ஓடிப் போயிடாது."

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார் கேன்காரர். "தண்ணி குடிக்க மாட்டேங்கிறா. அதுலதான் இவ்வளவும் வந்திருக்கு."

"ஏம்மா, மாடிக்கு மாடி தண்ணி வெச்சிருக்கோமே!" சூப்பர்வைசர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நம்ம உடம்பை நாமதானே பாத்துக்கணும்? நீ எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி."

"சரிங்க சார்" என்றாள், தரையைப் பார்த்து.

"பாத்தியா? தங்கமான மனுஷன். அவருக்கு இருக்கிற அக்கறை உனக்கு உன் உடம்பு மேல இல்ல" என்று அவள் காதோடு கடிந்துகொண்டார் கேன்காரர்.

அவள் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டாள்.

சூப்பர்வைசரை வழியனுப்பப் படிக்கட்டு வரை கூடவே போனார் கேன்காரர். முதல் படியில் கால் வைக்கும்போது சூப்பர்வைசரின் போன் அடித்தது. பேசிக்கொண்டே சட்டைப்பையைத் தடவினார். ஒரு சாவி வெளியே வந்தது.

"ஆமாமா, மூணாவது மாடி பாத்ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு... எந்தப் பொண்ணு? கூட்ட நேரத்துல என்ன அவசரம் அவளுக்கு? நான் வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு நிக்கச் சொல்லு" என்றபடி, கேன்காரருக்குக் கையை ஆட்டிவிட்டு, நிதானமாகப் படியிறங்கிப் போனார்.