ஆன்ட்ரூஸ் கொடுத்த உத்தரவாதம்

ஞானதாசன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிவதற்குக் காரணம் நோய்தான் என்று நாகர்கோவில் டாக்டர் சொன்னபோது, அவன் மனைவி செசிலியைவிட ஆன்ட்ரூஸுக்குத்தான் நிம்மதி.

குறட்டைக்காரர்கள் மூச்சு முட்டாமல் தூங்க, முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்று மெஷின் ஒன்று ஆன்ட்ரூஸிடம் சும்மா கிடந்தது. உடம்பு இளைத்தபின் அவருக்கு அது தேவைப்படவில்லை.

"புதுசு விலையில கால்வாசி தந்தா போதும். மாஸ்க் மட்டும் நானே புதுசா வாங்கித் தாறேன்," என்றார்.

"பழைய சாமானாச்சே..." என்று செசிலி இழுத்தாள்.

"ஒரு மாசம் மாட்டிப் பாருங்க. பிறகும் இவன் பகல்ல தூங்கி விழுந்தா முழுப் பணத்தையும் திருப்பித் தாறேன்."

ஒரு மாதம் கழித்து அவரே ஞானதாசனைக் கூப்பிட்டனுப்பி, பணத்தை நீட்டினார்.

"மெஷின் சரியில்ல மக்கா. திருப்பிக் கொண்டா."

ஞானதாசன் பதறிப்போனான். "அய்யோ, அதை மட்டும் கேக்காதிய! குறட்டையே இல்ல. செசிலியும் நிம்மதியா உறங்குறா. இப்பல்லாம் கடலுக்குப் போனா வள்ளத்துல உறங்கல்ல, பஸ்ஸுல உறங்கல்ல..."

"பொய் சொல்லாதலே. நேத்து காலத்த ஏழு மணிக்கு நீ வாயைப் பொளந்து உறங்கினதை நான் என் கண்ணால பாத்தேன்!"

ஞானதாசன் தலையைச் சொறிந்தான்.

"அதுக்கு மெஷினைக் குத்தம் சொல்லப்பிடாது ஃபாதர். நீங்க பிரசங்கம் வச்சா கோயில்ல முக்காவாசிப் பேரும்தான் உறங்குறாவ!"