பேரைப் போட்டுத் தேடினால்

"மிஷினுக்கு மூஞ்சி தெரியாதுக்கா. பேரைத்தான் படிக்கும்," என்றாள் சத்தியபிரியா. ஸ்கேன் செய்த கல்யாணப் போட்டோ, 'ஸ்கேன் ஒன்று' என்ற பெயரோடு திரையில் கிடந்தது. அந்தப் பெயரை அழித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரு பேரைச் சொல்லுங்க," என்றாள்.

"சிவராமன்."

சொன்ன தமயந்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். போட்டோவில் மாலையோடு நின்றவளின் பூசினாற்போன்ற கன்னம் இப்போது இல்லை. விரல்களில் காப்பிப் பழம் பறித்த கறை.

கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம், ஒரு பிரவுசிங் சென்டருக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் சத்தியபிரியாவின் ஆபீஸ். காட்டேஜ்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவள் தொழில். மனுஷனுக்காக வெப்சைட் கேட்டு ஒருத்தி வந்தது, அந்த 2007 கார்த்திகையில்தான் முதல் தடவை.

"நாலு வருஷமா வீட்டுப் பக்கமே வரலை. நான் ஏறி எறங்காத எடமில்லை," என்று மட்டும் தமயந்தி சொல்லியிருந்தாள். அதற்கு மேல் கிண்டிக் கேட்க சத்தியபிரியாவுக்கு மனசு வரவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிப் போன அவளுடைய சித்தப்பாவும் அப்படித்தான், திரும்பி வரவே இல்லை.

"வெப்சைட் அட்ரஸே அவரு பேரா இருக்கட்டும்க்கா. பேரு, ஊரு, நடுவுல ஒரு சின்னக் கோடு. சேத்து எழுதுனா மிஷின் ரெண்டையும் ஒரே வார்த்தைன்னு நெனைச்சுக்கும்."

"சிவராமன்னு தேடுவாங்களா, ஷிவ்ராம்னு தேடுவாங்களா?" என்று கேட்டாள் தமயந்தி. "வேலைக்குப் போனதும் பேரைச் சுருக்கிக்கிட்டாரு."

"அப்ப ரெண்டு பேருலயும் ஒவ்வொரு பக்கம் போட்ருவோம். போட்டோவுக்கும் அதே பேரு."

'சிவராமன், பண்ணைக்காடு' என்று தலைப்பை அடித்த சத்தியபிரியா, கூடவே 'காணவில்லை' என்று சேர்த்தாள்.

"அது வேணாம்மா."

"பாக்குறவங்களுக்குப் புரியணுமேக்கா. எங்கிருந்தாலும் வரவும்னாவது போடுவோம்."

"வேணாம்னா வேணாம். போட்டோ, கல்யாணம் நடந்த தேதி, மண்டபத்துப் பேரு, எங்க ரெண்டு பேரு பேரு. அடியில என் செல் நம்பரு. அம்புட்டுத்தான்."

குரல் கொஞ்சம் அதட்டலாகவே வந்தது. பாவம், ஊர் வாய்க்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் சத்தியபிரியா.

வாசல்வரை போன தமயந்தி நின்று திரும்பினாள். "அவரு பேரைப் போட்டா மொதல்ல இதுதான் வரணும். தை பொறக்குறதுக்குள்ள வந்துருமா?"

"தைப்பூசத்துக்குப் பழனிக்கு நேந்திருக்கீங்களாக்கா?"

"பண்ணைக்காட்டு பஸ்ஸைப் புடிக்கணும், வெரசா போகணும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள் தமயந்தி.

சீசன் இல்லாத மாதம். சத்தியபிரியாவுக்கு வேறு சோலி அதிகமில்லை. மற்ற வெப்சைட்டுகள் கைகாட்டினால் பக்கம் மேலே ஏறும் என்று, காட்டேஜ் முதலாளிகளிடம் பேசி, அவர்களுடைய வெப்சைட்டுகளின் ஓரத்தில் இந்தப் பக்கத்துக்கு இணைப்பு வாங்கினாள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் சிவராமன் பெயரைத்தான் முதலில் தேடினாள்.

ஆரம்பத்தில் எங்கேயுமே காணோம். பிறகு எத்தனையோ சிவராமன்களுக்குப் பின்னால் தலைகாட்டியது. மார்கழிப் பனியில் ஜன்னல் கண்ணாடி வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், முதல் வரியில் வந்து நின்றது.

செய்தி சொன்னதும் அன்று மத்தியானமே தமயந்தி வந்துவிட்டாள். சத்தியபிரியா தேடிக் காட்டினாள்.

"ஷிவ்ராம்னு அடி."

ஊரையும் சேர்த்து அடித்தாள். அதற்கும் அதே பக்கம், அதே மாலை, அதே சிரிப்பு. தமயந்தி அந்தப் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"நேத்துல இருந்து ஏதோ ஒரு புது நம்பர்ல கூப்புடுறாங்க. நான் எடுத்ததும் பேசாம வச்சிர்றாங்க," என்றாள்.

"அண்ணனாத்தான்க்கா இருக்கும்! பேச வாய் வராம வச்சிர்றாரு!" சத்தியபிரியா நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் தமயந்தியின் செல் அடித்தது. அதே புது நம்பர். காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"ஆமாங்க... தமயந்திதான்... நெசந்தாங்க, போட்டோவுல இருக்குறது நாந்தான்... இல்லீங்க, அதெல்லாம் ஒண்ணும் நடக்கலை, இன்னும் அதே தாலியோடதான் இருக்கேன்... ஐயோ, அழாதீங்க... அழாதீங்க."

சத்தியபிரியாவுக்குக் கண் நிறைந்து திரை மங்கியது. தான் செய்த எந்த வேலைக்கும் இப்படி ஒரு பலன் கிடைத்ததில்லை. தமயந்தி பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"கெடைச்சிட்டாராக்கா? எங்கே இருக்காராம் அண்ணன்?"

"அவரு எங்கே காணாமப் போனாரு?" தமயந்தி செல்லை முந்தானையில் சுற்றினாள். "பெங்களூர்ல அதே கம்பெனி, அதே வீடு. நானும் எங்கப்பாவும் போய் நின்னோம். எங்களை யாருன்னே தெரியாதுன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லியனுப்புனாரு."

சத்தியபிரியா மறுபடி போட்டோவைப் பார்த்தாள். "அப்ப... இப்ப அழுதது?"

"தை மாசக் கல்யாணத்துக்கு அவருக்குப் பாத்திருக்குற பொண்ணோட அம்மா."