சரியாக ஆறு மணி

பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த சமுதாயக் கூடம் நாளை மறுபடி திறக்கிறது. பழைய காவலாளி அதே வேலையைக் கேட்டு வந்து நின்றார். புதிய செயலாளர், சின்ன வயதில் அங்கே விளையாடி வளர்ந்தவள். அவளுக்குத் தயக்கம்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. அந்தச் சுவர்க் கடிகாரம் சாயங்காலமானா இருபது நிமிஷம் பின்னாடி போயிடும். ஊரே சிரிக்கும். நீங்க மட்டும் கண்டுக்கவே மாட்டீங்க!"

அவர் தலையைச் சொறிந்தார்.

"எங்கம்மாவைப் பாருங்க. தையல் கம்பெனி வேலை முடிஞ்சு என்னைக் கூட்டிட்டுப் போக வருவாங்க. உள்ளே நுழையறப்ப சரியா ஆறு மணி. ஒரு நாள்கூடத் தப்பினதில்லை. பொறுப்புன்னா அது!"

"ஆமா பாப்பா, பொறுப்பானவங்கதான். ஆனா கம்பெனி விடறதே ஆறு மணிக்குத்தானே? எவ்வளவு வேகமா ஓடி வந்தாலும் இருபது நிமிஷம் ஆகுமே."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆறு மணி ஆனா பிள்ளைங்களை வெளியே அனுப்பிட்டுப் பூட்டணும்னு கண்டிப்பான உத்தரவு. உன்னை எப்படித் தெருவுல நிக்க வைப்பேன்? அதான் தினமும் ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைப் பின்னாடி தள்ளி வச்சிடுவேன். பொய்தான். கடவுள் மன்னிச்சிருப்பார்."

அவள் வெகுநேரம் கடிகாரத்தையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தாள்.

"நாளைக்கே வந்துடுங்க அண்ணே. இப்பல்லாம் கம்பெனி ஆறரைக்குத்தான் விடறாங்க. முள்ளை இன்னும் கொஞ்சம் கூடுதலாத் தள்ளணும்."