கெஹிண்டேவின் படம்

"இந்தப் பக்கம் உக்காந்திருக்காரே, இவரை மட்டும் தனியாப் பெருசாக்கிக் குடுங்கண்ணே."

இடோவு படத்தின் மேல் விரல் வைத்துக் காட்டினாள். பட்டாளத்து உடுப்பில் அவளுடைய இரட்டை அண்ணன்மார். சண்டை நடந்த ஊரிலிருந்து தாய்வோ அனுப்பிய படம். 'இருவரும் நலம்' என்று கூடவே ஒரு கடிதமும் வந்திருந்தது.

அடுத்த மாதமே தாய்வோ செத்த செய்தி வந்தது. கெஹிண்டேவைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை வரவில்லை.

சண்டை ஓய்ந்து எட்டு மாதமாகிவிட்டது. இடோவு ஓயவில்லை.

"பத்திரிகையில போடப் போறேன். ஏதாவது ஆஸ்பத்திரியில கிடப்பாரு. பொறக்கும்போதே தாய்வோ முன்னாடி, இவரு பின்னாடி. எதுக்கும் மெதுவாத்தான் வருவாரு."

மடியிலிருந்த பால் டப்பாவைத் திறந்தாள். உள்ளே கடிதங்கள். கரையான் தின்பதற்குள் அவற்றையும் படமெடுத்துத் தர வேண்டுமாம்.

"வந்ததும் என் கடுதாசி எங்கடின்னு கேப்பாரு. அந்த வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

ஸ்டூடியோக்காரர் லாசிசி சிரித்துக்கொண்டே பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்தார்.

இரண்டு சட்டையிலும் இரண்டாவது பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தாடையிலும், ஒரே இடத்தில், சவரக் கத்தி பட்ட கீறல். இருவருக்கும் நடுவில் முடி போல ஒரு கோடு.



இந்த அபேயோகுட்டா ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் யாருக்கும் இந்த வேலை தெரியும். இரட்டையரில் ஒருவர் போய்விட்டால், இருப்பவரையே இரண்டு முறை உட்காரவைத்து எடுத்து, ஒரே படமாகச் சேர்த்துவிடுவார்கள். ஜோடியைப் பிரிக்கக் கூடாது. அவரே எத்தனையோ வீடுகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறார்.

'இருவரும் நலம்' என்று எழுதும்போது அந்தத் தாய்வோ எப்படித் தவித்தானோ.

இதை இந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? கடிதங்களில் ஈரம் இருக்கிறது, கொல்லை வெயிலில் கொஞ்ச நேரம் விரித்து வை என்று அவளை அனுப்பினார்.

மகளோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவகிட்ட சொல்லிடாத தம்பி."

லாசிசி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டும் தாய்வோதான். கடுதாசி வந்த அன்னைக்கே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

கொல்லையில் இடோவு ஒவ்வொரு கடிதத்தின் மேலும் ஒரு சிறு கல்லாக வைத்துக்கொண்டிருந்தாள். காற்று வந்தால் பறந்துவிடக் கூடாதே.

"அப்ப இதைக் கெஹிண்டேன்னு நான் எப்படிம்மா எடுத்துக் குடுக்கறது?"

அம்மா படத்தை வாங்கி, மகள் காட்டிய அந்தப் பக்கத்தை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவன் முகம் எந்தப் படத்துலயும் இல்லப்பா. இதாவது அவன் பேர்ல இருக்கட்டும்."