உருகாத படிகம்

"இன்னும் உருகலையா மாப்ள?"

பக்கத்து மேசையிலிருந்து மச்சான் கேட்டார். டாக்டருடைய மனைவியின் அண்ணன். அதே ஆய்வுக்கூடம், அதே வேலை, பதவியில் மட்டும் ஒரு படி மேலே. போதாக்குறைக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான். ஒரு மனிதனைப் பிடித்து ஆட்ட இதைவிட வேறு கிரகம் தேவையில்லை.

டாக்டர் உருகுநிலைக் கருவியின் சின்னக் கண்ணாடி வழியாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய குழாய்க்குள் அவருடைய வெள்ளைப் படிகம் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. இருநூறு டிகிரியில் அசையவில்லை. முந்நூறிலும் அசையவில்லை. அதற்கு மேல் கருவியில் எண்ணே கிடையாது.

"உருகாது மச்சான். இது புளோரின் ஏத்தின அமைடு. சாதாரண சரக்குன்னு நெனச்சீங்களா?"

வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய அவருக்கு ஆய்வுக்கூடத்தில் 'தார் டாக்டர்' என்று பெயர். புளோரின் உள்ள ஓர் அமினையும் ஓர் அமிலக் குளோரைடையும் சேர்த்துப் புதிய அமைடு ஒன்றைச் செய்து தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. காகிதத்தில் ஒரே ஓர் அம்புக்குறி. குடுவையில் மட்டும் ஒவ்வொரு முறையும் தெருவில் போடுகிற தார் போலக் கறுப்பாக ஏதோ வந்து ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிக் கழுவுவதிலேயே அவருடைய படிப்பெல்லாம் தேய்ந்துபோனது.

இன்று மாலைக்குள் அமைடு வராவிட்டால் வேலையை மச்சானிடம் கொடுத்துவிடுவேன் என்று பிரிவுத் தலைவி மேடம் சொல்லியிருந்தார். வேறு யாரிடம் கொடுத்தாலும் டாக்டர் தாங்கிக்கொள்வார். மச்சானிடம் போனால் வீட்டில் தலைநிமிர்ந்து சாப்பிட முடியாது. "எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா உங்க கிரீடமா இறங்கிடும்?" என்று மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

"நேத்துப் பிரிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு மச்சான். கரைப்பானும் தண்ணியும் ரெண்டு அடுக்கா நின்னுச்சு. கீழ இருந்த தண்ணியைக் கழிவுல ஊத்தினேன். மேல இருந்ததைக் காய்ச்சினேன். வெள்ளை வெளேர்னு படிகம்."

மச்சான் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார்.

"மாப்ள, அந்தக் கரைப்பான் எது..."

"அதெல்லாம் தொழில் ரகசியம்."

"இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"வயிறு எரியுதுன்னா கொஞ்சம் தண்ணி குடிங்க மச்சான்."

மச்சான் எழுந்து போனார். பிறகு வெகுநேரம் அவரைக் காணவில்லை. எங்கேயாவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார், கொஞ்சம் சந்தோஷமாகவே.

அன்று முழுவதும் படிகத்தின் குணங்கள் ஒவ்வொன்றாக அவரைப் புல்லரிக்க வைத்தன. நெருப்பில் காட்டினார், எரியவில்லை. தண்ணீரில் போட்டார், சட்டென்று கரைந்தது. நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தபோது அமைடுக்கான கோடு ஒன்றுகூட வரவில்லை. கருவி பழுது என்று உடனே புகார் கொடுத்தார்.

மாலையில் படிகத்தை ஒரு சீசாவில் போட்டு எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குள் மாப்பிள்ளை நடையில் நுழைந்தார்.

"உருகல மேடம், எரியல. தண்ணில மட்டும் சர்க்கரை மாதிரி கரையுது. மருந்துக் கம்பெனிக்காரங்க வாசல்ல வந்து நிக்கப்போறாங்க."

"அப்படியா."

"இன்னொரு விஷயம் மேடம். எங்க மச்சானை வேற தளத்துக்கு மாத்திடுங்க. சொந்தக்காரர்தான், ஆனா என் வேலையைத் தட்டிப் பறிக்கப் பாக்கறார். காலையில என் வாயைக் கிளறினார்."

மேடம் மோவாயில் கை வைத்தபடி அவரையே பார்த்தார்.

"எந்தக் கரைப்பான் போட்டீங்க டாக்டர்?"

"எப்பவும் போடறது தீந்துபோச்சு. அதனால டைகுளோரோமீத்தேன்."

"அது தண்ணிக்கு மேல நிக்குமா, கீழ போகுமா?"

டாக்டர் வாயைத் திறந்தார். கல்லூரியில் முதல் வருடமே படித்த பாடம் இப்போதுதான் சாவகாசமாக ஞாபகத்துக்கு வந்தது. எப்போதும் போடுகிற கரைப்பான்தான் தண்ணீருக்கு மேலே மிதக்கும்.

"கீழ..."

"அப்ப நீங்க கழிவுல ஊத்தினது அமைடு. காய்ச்சினது தண்ணி. அமிலமும் காரமும் கலந்த தண்ணியைக் காய்ச்சினா என்ன வரும்?"

டாக்டர் தன் கையிலிருந்த சீசாவைப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க அதோடு குலாவியிருக்கிறார். அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"உப்பு," என்றார். "சமையல் உப்பு."

மேடம் சிரிக்காமல் இருந்ததுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

"வேலையை எங்க மச்சான்கிட்டயே குடுத்துடுங்க மேடம். நான் லாயக்கில்லாதவன்."

மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு சீசாவை எடுத்து வைத்தார். உள்ளே மெல்லிய ஊசி ஊசியாகப் படிகங்கள்.

"இது நூத்தி எண்பத்தாறுல சுத்தமா உருகுது. கருவியும் அமைடுதான்னு சொல்லிடுச்சு. கருவிக்கு ஒரு கோளாறும் இல்ல."

"மச்சான் செஞ்சுட்டாரா?"

"நீங்க செஞ்சது டாக்டர். உங்க கழிவுப் பாட்டில்ல இருந்து எடுத்து, பகல் பூரா உக்காந்து சுத்தம் பண்ணிக் கொண்டுவந்தார். 'இது மாப்ளயோட சரக்கு, அவர் பேர்லயே போகட்டும், நான் எடுத்துத் தந்தேன்னு அவருக்குத் தெரியவே வேணாம்'னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டார். நீங்க அவரை மாத்தச் சொல்லலைன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன்."