ரூல் புத்தகத்தின் மறைவில்

சாவு விழுந்த எல்லா வீடுகளையும் போல வினோலியா வீட்டுக்கும், அண்ணன் செல்வின் இறந்த பிறகு, அவனைப் போலவே பேசும் பேச்சுப்பெட்டி வந்து சேர்ந்தது. அதன் முன்னால் அவள் சின்ன வயது டிராகன் விளையாட்டின் ரூல் புத்தகத்தைப் பிரித்துவைத்து, இருபது முகப் பகடையை உருட்டினாள். எண் ஒன்று விழுந்தது.

"ரூல்படி நீ செத்துட்ட, பாப்பா," என்றது பெட்டி, அச்சு அசல் அண்ணன் குரலில்.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்தில் அவள் ஒரு தடவைகூடச் செத்ததில்லை. இதே புத்தகத்தைக் கூடாரம் மாதிரி நிமிர்த்திவைத்து, அதன் மறைவில் அண்ணன்தான் அவளுக்காகப் பகடை உருட்டுவான். எட்டிப் பார்த்தால் குட்டு விழும். "தப்பிச்சிட்ட" என்று மட்டும் சொல்வான்.

பாழாய்ப்போன பெட்டிக்கு ரூல் எல்லாம் அத்துப்படி. இது மட்டும் தெரியவில்லை.

வினோலியா புத்தகத்தைத் தனக்கும் பெட்டிக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தாள்.

"இப்ப ஆட்டத்தை நான் நடத்துறேன், நீ ஆடு. டிராகன் உம்மேல பாயுது, அண்ணா."

"எனக்காக நீயே உருட்டு," என்றது பெட்டி. அவள் உருட்டினாள். "என்ன விழுந்துச்சு?"

புத்தகத்துக்குப் பின்னால் பகடையில் மறுபடியும் ஒன்றுதான் விழுந்திருந்தது.

"இருபது," என்றாள். "தப்பிச்சிட்ட."