வடியாத தண்ணீர்

கடலோரச் சேற்றில் புதிதாக நட்ட அலையாத்திக் கன்று ஒன்றுக்கு இரண்டு நாளாகக் கழுத்தளவு தண்ணீர். பயந்துபோய்ப் பக்கத்து வளை நண்டைக் கூப்பிட்டது.

"அண்ணே, தண்ணி எப்ப வடியும்?"

"இங்க வடியாது தம்பி. போன வருஷம் நட்டதெல்லாம் அழுகிப்போச்சு."

"பிறகு ஏன் இங்கயே நடுறாங்க?"

"வடியிற மேட்டையெல்லாம் இறால் பண்ணைக்காரங்க வளைச்சுட்டாங்க. அவங்ககிட்ட யாரு மல்லுக்கு நிக்கிறது? இந்தப் பள்ளத்துக்குத்தான் சண்டைக்கு ஆளில்ல."

அப்போது இந்த நடவைப் பார்வையிட வெளிநாட்டுக் குழு ஒன்று படகில் வந்தது. கன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நுனி இலையை ஆட்டிக் கத்தியது. "ஐயா, என்னைப் பிடுங்கி மேட்டுல நடுங்க!"

குழுத் தலைவர் நெகிழ்ந்துபோனார்.

"எவ்வளவு சந்தோஷமாக ஆடுகிறது பாருங்கள்! எங்கள் நாட்டிலும் இப்படியே நடுவோம்."